சபைக் காணிக்கைக்கு கியூஆர் அட்டை: ஒரு பொருளாளரின் மதிப்பீடு

கோவில்பட்டியில் எங்கள் கிறிஸ்தவ சபையில் ஞாயிறு காணிக்கைக்கு கியூஆர் அட்டை வைத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பக்கத்து ஊர் சபைகளின் பொருளாளர்கள் போன் செய்து விசாரிக்கிறார்கள். எந்த கம்பெனி நல்லது, எவ்வளவு செலவு, தொல்லை ஏதும் உண்டா என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது. நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பணம் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது என்று பார்ப்பதே பிழைப்பாக இருந்ததால், இந்த அட்டையையும் அப்படித்தான் பார்க்கிறேன். வசதி இருக்கிறதா என்பது எனக்கு இரண்டாவது கேள்வி. ஊழியக்காரர் மேல் யாரும் விரல் நீட்ட முடியாதபடி இது காக்கிறதா என்பதே முதல் கேள்வி.

கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. கடைகளில் தொங்கும் அட்டைகள் எல்லாம் யுபிஐ என்ற ஒரே குழாய் வழியாகத்தான் பணத்தை அனுப்புகின்றன. எந்தச் செயலியிலிருந்தும் எந்த அட்டையையும் ஸ்கேன் செய்யலாம். எனவே நிறத்தையும் விளம்பரத்தையும் விட்டுவிட்டு, எந்தக் கணக்கோடு இணைக்கிறோம், யார் பெயரில் இணைக்கிறோம் என்று பாருங்கள். மதிப்பீடு முழுவதும் அதைச் சுற்றித்தான் வரும்.

எங்கள் சபையில் பாதிக்கு மேல் தீப்பெட்டி ஆபீசிலும் கடலை மிட்டாய் பட்டறையிலும் வேலை பார்க்கிற குடும்பங்கள். காணிக்கைப் பையில் விழுவது பெரும்பாலும் நான்காக மடித்த பத்து ரூபாய், இருபது ரூபாய். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தை அவர்கள் முன்பெல்லாம் பாஸ்டரின் செல்போன் எண்ணுக்கு அனுப்புவார்கள். பாஸ்டர் அதை ஏடிஎம்மில் எடுத்து, கவரில் போட்டு, யார் கொடுத்தது என்று மேலே எழுதி என்னிடம் கொடுப்பார். ஒரு ரூபாய் குறைந்ததில்லை. ஆனாலும் ஒரு நாள் அவரே கமிட்டியில் எழுந்து, "இது என் போனுக்கு வரவே கூடாது. நான் ஒழுங்காகத்தான் கொடுக்கிறேன், அது எனக்கும் கர்த்தருக்கும் தெரியும். உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். அட்டை வைக்கும் பேச்சு அங்கிருந்துதான் தொடங்கியது.

அட்டை கொடுக்கும் கம்பெனியிலிருந்து ஒரு தம்பி வந்தார். நல்ல பையன், சுறுசுறுப்பாகப் பேசினார். "சார் ஆதாரும் பானும் குடுங்க, பத்து நிமிஷத்துல ஆக்டிவ் ஆயிடும். கடைப் பேருனு கேக்குற இடத்துல சபைப் பேரைப் போட்டுக்கலாம், அட்டையிலயும் அதுதான் பிரிண்ட் ஆகும்" என்றார். பணம் எந்தக் கணக்குக்குப் போகும் என்று கேட்டேன். "சாரோட சேவிங்ஸுக்கு மேடம்" என்றார். நிறையப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள் என்றும் சொன்னார். அது உண்மை என்று எனக்கும் தெரியும்.

பாஸ்டர் உடனே வேண்டாம் என்றார். ஏன் வேண்டாம் என்பதை வங்கிக்காரியாக நான் விளக்குகிறேன், ஏனென்றால் இந்தச் சலுகையில் மயங்கும் ஊழியர்கள் எல்லாரும் கெட்டவர்கள் இல்லை. பலர் அவசரத்தில் சம்மதிக்கிறார்கள். ஒரு தனி ஆளின் சேமிப்புக் கணக்கில் விழும் பணம் சட்டத்தின் பார்வையில் அந்த ஆளின் பணம். வருமான வரித்துறை கேட்டால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அவர் திடீரென்று இறந்துபோனால் அந்தப் பணம் நாமினி வழியாக வாரிசுகளுக்குப் போகும். தீப்பெட்டி ஆபீசில் நின்று சம்பாதித்தவர் கர்த்தருக்கென்று போட்டது, பாஸ்டரின் மகனுக்கும் மருமகனுக்கும் இடையில் பங்குத் தகராறாக முடியும். அவர் வீட்டு மளிகைச் செலவும் சபைக் காணிக்கையும் ஒரே பாஸ்புக்கில் மேலும் கீழுமாக நிற்கும்போது, அவர் யோக்கியர் என்றாலும் அதைக் காட்ட ஒரு தாளும் இருக்காது. குற்றம் சாட்டுகிறவனுக்கு ஆதாரம் தேவையில்லை, சந்தேகம் போதும். மறுத்துச் சொல்கிறவருக்குத்தான் ஆதாரம் வேண்டும்.

ஆகவே நீண்ட வழியில் போனோம். அறக்கட்டளைப் பத்திரத்தின் நகல், அறக்கட்டளையின் பெயரில் பான், அறங்காவலர்கள் கூடிப் போட்ட தீர்மானம், கையெழுத்து போடும் மூவரின் அடையாளச் சான்றுகள், வருமான வரி விலக்குக்கான 12ஏ பதிவுச் சான்று எல்லாம் வேண்டும். கடைக்கு அட்டை எடுப்பதுபோல் ஒரு நாளில் முடியாது, வாரங்கள் ஆகும். வங்கிக் கிளையில் ஒவ்வொரு மேஜையிலும் ஒரு தாள் குறைகிறது என்பார்கள். பொறுமையாக இருங்கள். எங்களுக்கு வங்கியே அட்டையைக் கொடுத்துவிட்டது, கட்டணம் எதுவும் இல்லை. பணம் பெறும்போது கழிவும் கிடையாது. சாதாரண வங்கிக் கணக்கிலிருந்து வரும் யுபிஐ பணத்துக்கு 2020 ஜனவரியிலிருந்தே பெறுகிறவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது விதி. நூறு ரூபாய் போட்டால் நூறும் வருகிறது.

இந்த அட்டையில் எனக்குப் பிடித்த முதல் விஷயம், ஸ்கேன் செய்தவுடன் திரையில் வரும் பெயர். 2025 ஜூன் முடிவிலிருந்து, தனி ஆளுக்கோ சிறு வணிகருக்கோ பணம் அனுப்பும் முன், வங்கிக் கணக்கில் பதிவான பெயரையே செயலிகள் காட்ட வேண்டும் என்று யுபிஐயை நடத்தும் கழகம் விதி போட்டிருக்கிறது. அதற்கு முன் வைத்துக்கொண்ட செல்லப் பெயரெல்லாம் வரும். இப்போது அட்டையில் எவ்வளவு பெரிய எழுத்தில் ஊழியத்தின் பெயர் அச்சடித்திருந்தாலும், அது தனி ஆளின் கணக்கு என்றால் திரையில் வருவது அந்தக் கணக்குக்காரரின் பெயர். இதை எங்கள் சபை மூதாட்டிகளுக்குக்கூடச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். யூடியூபில் ஒரு பிரசங்கியார் அனாதைப் பிள்ளைகளுக்கென்று காட்டிய அட்டையை எங்கள் சபைச் சகோதரி ஒருவர் ஸ்கேன் செய்தபோது ஒரு பெண்ணின் தனிப் பெயர் வந்தது. அங்கே காட்டிய எண்ணுக்கே போன் போட்டு இது யார் கணக்கு என்று கேட்டார். "அது பிரதரோட மிஸஸ் பேரு, ஒன்றும் பயமில்லை" என்று பதில் வந்தது. சகோதரி பணம் அனுப்பவில்லை. அந்த ஊழியர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியாது. யாராலும் தெரிந்துகொள்ள முடியாத இடத்தில் அவர் தன்னை வைத்துக்கொண்டார் என்பதே என் வருத்தம்.

வேதாகமத்தில் இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. இரண்டு ராஜாக்கள் 12-ஆம் அதிகாரம். யோவாஸ் ராஜா ஆலயத்தைப் பழுதுபார்க்கப் பணம் வாங்கும்படி ஆசாரியர்களிடம் விட்டிருந்தார். ராஜாவின் 23-ஆம் வருஷம் வரையிலும் ஆலயம் பழுதுபார்க்கப்படவில்லை. யாரையும் திருடன் என்று அங்கே சொல்லவில்லை. ஏற்பாட்டைத்தான் மாற்றினார்கள். யோய்தா என்ற ஆசாரியன் ஒரு பெட்டியை எடுத்து, மூடியில் துவாரமிட்டு, பலிபீடத்தின் அருகே வைத்தார். பெட்டியில் பணம் மிகுந்தபோது ராஜாவின் கணக்கரான சம்பிரதியும் பிரதான ஆசாரியனும் சேர்ந்து வந்து எண்ணிப் பைகளில் கட்டினார்கள். ஒருவர் அரமனை ஆள், ஒருவர் ஆலய ஆள். ஒருவர் கையில் மட்டும் விடவில்லை.

அதே அதிகாரத்தில், வேலைக்காரருக்குக் கொடுக்கும்படி பணத்தைப் பெற்றுக்கொண்டவர்கள் உண்மையாய் நடந்ததால் அவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை என்றும் ஒரு வசனம் வரும். "பாருங்க, ஊழியக்காரனிடம் கணக்குக் கேட்கக் கூடாது" என்று அதை மேற்கோள் காட்டும் போதகர்களைக் கேட்டிருக்கிறேன். அந்த வசனத்துக்கு வருமுன்பே பெட்டி வைக்கப்பட்டு, இரண்டு பேர் எண்ணி, தொகை தெரிந்துவிட்டது என்பதை அவர்கள் சொல்வதில்லை. பவுல் எருசலேமுக்கு உதவிப் பணம் கொண்டுபோனபோது தனியாகப் போகவில்லை, சபைகள் தேர்ந்தெடுத்த சகோதரனையும் கூட்டிக்கொண்டார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமின்றி மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக இருக்க வேண்டும் என்று காரணமும் எழுதினார். பவுலுக்கே அது தேவைப்பட்டது.

எங்கள் சபையில் காணிக்கைப் பை இன்னும் சுற்றுகிறது, அட்டை அதோடு சேர்ந்த ஒன்று. பையை ஆராதனை முடிந்ததும் உறவில்லாத இருவர் எண்ணி, சீட்டில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, பாஸ்டர் தொடாமலே என்னிடம் வரும். திங்கட்கிழமை வங்கிக்குப் போகும். சில்லறை நாணயங்களை வாங்க வங்கியில் முகம் சுளிப்பார்கள், அது தனிக் கதை.

இனி அட்டையோடு தள்ளிவிடப் பார்க்கும் ஒலிப்பெட்டி. "ஐம்பது ரூபாய் பெறப்பட்டது" என்று சத்தமாகச் சொல்லுமே, அதுதான். மாத வாடகை நூறு ரூபாய்க்கு மேல். வெள்ளோட்டமாக வைத்துப் பார்க்கலாம் என்று ஒரு கம்பெனி கொடுத்ததை வாசல் பக்கம் வைத்தோம். காணிக்கைப் பாட்டு நடக்கும்போது பெட்டி பேசத் தொடங்கியது. முதலில் ஐந்நூறு, அப்புறம் இரண்டாயிரம், அப்புறம் பத்து ரூபாய். பத்து ரூபாய் என்று அது சொன்னபோது முன் வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். போட்டவர் யார் என்று எனக்குத் தெரியும். கணவரை இழந்தவர், வாரக்கூலி வாங்குகிறவர். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறே அதை எடுத்துவிட்டோம். வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்று சொன்ன ஆண்டவரின் ஆலயத்தில், கொடுத்த தொகையைக் கூவி அறிவிக்கும் கருவிக்கு இடமே இல்லை. கடைக்காரருக்கு அது தேவை. பொய்யான ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிப் பொருளை வாங்கிப்போகிறவர்களிடமிருந்து அது காக்கிறது. காணிக்கை போடுவதாக நடித்து யாரும் எதையும் வாங்கிப்போவதில்லை. சபைகள் தயவுசெய்து இதை வாங்க வேண்டாம். சில இடங்களில் வேண்டுமென்றே வைக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். பெரிய தொகை சத்தமாகக் கேட்டால் மற்றவர்களுக்கும் "உற்சாகம்" வரும் என்கிறார்களாம். காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து, இரண்டு காசு போட்ட விதவையைக் கவனித்தவர் அதை எப்படிப் பார்ப்பார் என்று அவர்களே யோசிக்கட்டும்.

சத்தம் போய்விட்டாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பையில் போடும் பணத்துக்குப் பெயர் கிடையாது. அட்டையில் போடும் பணத்துக்குப் பெயர் உண்டு. அட்டையோடு வரும் வணிகர் செயலியைத் திறந்தால் யார், எப்போது, எவ்வளவு என்று வரிசையாக வரும். இதை பாஸ்டர் பார்க்கலாமா? கமிட்டியில் நீண்ட நேரம் பேசினோம். "ஆடுகளின் நிலை மேய்ப்பனுக்குத் தெரிய வேண்டாமா" என்று ஒரு மூப்பர் கேட்டார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். பாஸ்டர் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: "எனக்குத் தெரிந்தால், ஆஸ்பத்திரிக்கு முதலில் யாரைப் பார்க்கப் போகிறேன் என்பதில் அது வேலை செய்யும். வேலை செய்யாது என்று நான் சொன்னால் அது பொய்." பொன் மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும் ஏழைக்குக் காலடியும் கொடுப்பதைப் பற்றி யாக்கோபு எழுதியதைப் பிரசங்கிப்பது எளிது. அந்தச் சோதனையே வராதபடி கடவுச்சொல் வேண்டாம் என்று சொல்வது கடினம். இப்போது செயலியைப் பார்ப்பது செயலரும் நானும் மட்டும். பெயர்களை வெளியே சொல்வதில்லை என்று சபைக்கு முன்பாக உறுதி கொடுத்திருக்கிறோம். மாதக் கணக்கு அறிவிப்புப் பலகையில் தொகைகளாக ஒட்டப்படும். பாஸ்டரின் சம்பளம், மின்கட்டணம், ஏழைகள் உதவி, எல்லாம் அதில் இருக்கும். சம்பளத்தை ஒட்ட வேண்டும் என்று கேட்டவரும் அவர்தான்.

வங்கிக்காரியாக எனக்கு மிகவும் திருப்தி தந்த ஒரு விஷயத்தைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். எங்கள் கணக்கில் இரண்டு கையெழுத்து இருந்தால்தான் பணம் எடுக்க முடியும். எங்கள் வங்கியில் இப்படிச் சேர்ந்து இயக்கும் கணக்கிலிருந்து யுபிஐ வழியாகப் பணம் அனுப்ப முடியாது, உள்ளே வாங்க மட்டும் முடியும். "கரண்ட் பில் கட்டக்கூட செக் எழுத வேண்டியிருக்கிறதே" என்று அலுத்துக்கொள்வார்கள். நான் சந்தோஷப்படுகிறேன். உள்ளே வரும் கதவு அகலம், வெளியே போகும் கதவு இருவர் சேர்ந்து திறப்பது. இந்த வசதிக்குறைவுக்காக, ஒருவரே இயக்கும் கணக்காக மாற்றிக்கொள்ளச் சொல்லி யாராவது ஆலோசனை கொடுத்தால் கேட்காதீர்கள்.

உண்மையான குறை வேறு. கொடுக்கிறவர் செயலியில் "கட்டட நிதி" என்றோ "மிஷனெரி" என்றோ குறிப்பு எழுதினால், அந்தக் குறிப்பு எங்கள் வங்கி அறிக்கையில் வருவதில்லை. ஒரு நாளின் பணம் முழுவதும் ஒரே தொகையாக வரவு வைக்கப்படுவதும் உண்டு. அதைச் செயலியின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பிரிப்பது திங்கட்கிழமை மதியத்தைத் தின்றுவிடும். இது வெறும் அலுவலகத் தொல்லை என்று விட முடியாது. ஒடிசாவில் இருக்கும் மிஷனெரி குடும்பத்துக்கென்று ஒருவர் போட்ட ஆயிரம் ரூபாய், அவருக்குத் தெரியாமல் எங்கள் மைக் செட்டுக்குப் போனால், யார் பாக்கெட்டுக்கும் போகாவிட்டாலும் அது உண்மையற்ற செயல்தான்.

இந்த இடத்தில் ரவி சகரியாஸை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1946-இல் சென்னையில் பிறந்தவர், உலகம் முழுவதும் விசுவாசத்துக்காக வாதாடியவர், நம்மவர் என்று பெருமையோடு கேட்டிருக்கிறோம். 2020 மே மாதம் இறந்தார். 2021 பிப்ரவரியில் அவருடைய ஊழிய நிறுவனமே வெளியிட்ட விசாரணை அறிக்கை, பெண்களிடம் அவர் நடந்துகொண்ட விதத்தை வெளிக்கொண்டுவந்தது. மனிதநேய உதவிக்கென்று பெயரிட்ட நிதியிலிருந்து, அவருக்கு மசாஜ் சிகிச்சை செய்த சில பெண்களுக்குப் பணம் போயிருக்கிறது என்பதும் அதில் இருந்தது. நிதியின் பெயர் ஒன்று, பணம் போன இடம் வேறு. அவரைக் கேட்கத் துணிந்தவர்கள் சிலர்தான், அவர்கள் பேச்சும் எடுபடவில்லை. இத்தனைக்கும் அங்கே கணக்கர்களும் நிர்வாகக் குழுவும் இருந்தார்கள். எனவே அட்டையும் இரட்டைக் கையெழுத்தும் வைத்துவிட்டால் போதும் என்று நான் சொல்லவில்லை. கேள்வி கேட்கிறவரை சபை பகையாளியாகப் பார்க்கத் தொடங்கினால் எந்த ஏற்பாடும் நிற்காது.

நாங்கள் கண்ட வழி, மிஷனெரி நிதிக்குத் தனிக் கணக்கும் தனி அட்டையும். நீல நிற அட்டை பொதுக் காணிக்கைக்கு, பச்சை நிற அட்டை மிஷனெரிக்கு. எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களும் நிறத்தைப் பார்த்துப் போடுகிறார்கள். கட்டட நிதிக்கு அட்டை வைக்கவில்லை, அதற்கு ரசீதுப் புத்தகம்தான்.

ரசீது என்றதும், நன்கொடை கொடுத்தவருக்கு வரிக்கழிவு தரும் 80ஜி பிரிவு நினைவுக்கு வரும். சிலர் அட்டையில் போட்டுவிட்டு வரிச் சலுகைச் சான்று கேட்பார்கள். முழுக்க மதக் காரியத்துக்கான அமைப்புக்கு 80ஜி கிடையாது, எங்களுக்கும் இல்லை. இல்லை என்று சொன்னால் காணிக்கை குறையும் என்று பயந்து மழுப்புகிற இடங்கள் உண்டு. கேட்டவருக்கு "ரசீது தருகிறோம், வரிக்கழிவு கிடைக்காது" என்று அன்றே சொல்லிவிடுங்கள்.

துபாய் பிள்ளைகள் விஷயம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர், வெளிநாட்டில் வேலை பார்த்தாலும், தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கணக்கில் வராது. ஐக்கிய அரபு அமீரகம் போன்ற சில நாடுகளில் இருப்பவர்கள் வெளிநாடுவாழ் இந்தியருக்கான தங்கள் என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கை அந்த நாட்டு எண்ணோடு இணைத்தே யுபிஐ பயன்படுத்தலாம். ஆனால் வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர், நம் ஊரில் பிறந்து வளர்ந்தவராக இருந்தாலும், அவர் பணம் வெளிநாட்டு நன்கொடைகளைக் கட்டுப்படுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டத்துக்குள் வரும். அந்தச் சட்டத்தின் கீழ் பதிவு இல்லாத சபை அதை வாங்கக் கூடாது. கனடாவில் குடியுரிமை வாங்கிய ஒரு அண்ணன், எங்கள் சபைக் கூரைக்காகப் பெரிய தொகை தர மனதாக இருந்தார். "தம்பி கணக்குக்கு அனுப்புகிறேன், அவன் அட்டையில் போட்டுவிடுவான்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். கூரை மழைக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. கமிட்டியில் இரண்டு பேர் "கர்த்தர் திறந்த வாசல்" என்றார்கள். பாஸ்டர் அண்ணனுக்கே போன் போட்டு, வேண்டாம் அண்ணே என்று சட்டத்தை விளக்கினார். கூரை இன்னும் முழுதாக முடியவில்லை. பாதிக்குத் தகரம் போட்டிருக்கிறோம்.

பாதுகாப்பு பற்றி ஒரு எச்சரிக்கை. கடைகளில் நடப்பதுபோல், அட்டையின் மேல் வேறொரு கியூஆர் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போகிற திருட்டு எங்கும் நடக்கலாம். அட்டையைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு ஆலயத்துக்குள்ளேயே மாட்டுங்கள், வெளி வாசலில் வேண்டாம். ஞாயிறு காலையில் யாராவது ஒருவர் ஒரு ரூபாய் போட்டு, பெயர் சரியாக வருகிறதா என்று பார்த்துவிடட்டும். எங்கள் சபையில் வாலிபப் பிள்ளைகள் இதைச் செய்கிறார்கள்.

அட்டையால் காணிக்கை கூடியதா என்றும் கேட்கிறார்கள். கொஞ்சம் கூடியது, வெளியூர்ப் பிள்ளைகளால். எவ்வளவு என்று சொல்ல மாட்டேன். தொகையைச் சொல்லி ஊழியத்தின் பெருமை பேசுவதில் எனக்கு விருப்பமில்லை. எண்ணிக்கை விஷயத்தில் அமெரிக்க சுவிசேஷகர் பில்லி கிரகாம் செய்த ஒன்றை எல்லா ஊழியர்களும் படிக்க வேண்டும். 1948 நவம்பரில், கலிபோர்னியாவில் மொடெஸ்டோ என்ற ஊரில் கூட்டங்கள் நடந்துகொண்டிருந்தபோது, தன்னோடு இருந்த மூன்று பேரையும் அவரவர் அறைக்குப் போய், சுவிசேஷகர்கள் எதிலெல்லாம் விழுகிறார்கள் என்று பட்டியல் எழுதி வரச் சொன்னார். எல்லாப் பட்டியலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. பணம், பெண் விஷயம், உள்ளூர் சபைகளைக் குறை பேசுவது, கூட்டத்தைப் பெருக்கிச் சொல்வது. நான்குக்கும் அங்கேயே முடிவெடுத்தார்கள். கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதைத் தாங்களே சொல்லாமல் போலீசார் சொல்லும் கணக்கை ஏற்பது அதில் ஒன்று.

அதன் பிறகும் 1950-இல் அட்லாண்டாவில் ஒரு அடி விழுந்தது. கூட்டங்களின் முடிவில் சுவிசேஷகருக்கென்று அன்புக் காணிக்கை எடுப்பது அப்போது வழக்கம். ஒரு பத்திரிகை, பணப் பைகளோடு நிற்கும் காணிக்கை எடுப்பவர்களின் படத்தையும், புன்னகையோடு கையசைத்து விடைபெறும் கிரகாமின் படத்தையும் சேர்த்துப் போட்டது. அவர் அதில் ஒரு பைசா திருடவில்லை. ஆனாலும் பத்திரிகைமேல் கோபப்படுவதோடு நிறுத்தாமல் ஏற்பாட்டையே மாற்றினார். 1952 தொடக்கத்திலிருந்து ஊழிய நிறுவனம் கொடுக்கும் நிலையான சம்பளம் மட்டும், அன்புக் காணிக்கை கிடையாது. நம் ஊர்க் கன்வென்ஷன் கூட்டங்களில் கடைசி இரவில் "தேவமனுஷனுக்கு" என்று தனியாக எடுக்கும் காணிக்கை இன்னும் கவரில்தான் போகிறது, எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. இப்போது அந்தக் கவருக்குப் பதிலாக மேடைத் திரையில் பிரசங்கியாரின் சொந்த கியூஆர் வருவதையும் பார்க்கிறேன். கருவி புதிது, பழக்கம் மாறவில்லை.

சுருக்கமாக வாங்குகிறவர்களுக்கு: வங்கி தரும் சாதாரண அட்டை, அறக்கட்டளை அல்லது சங்கத்தின் கணக்கு, இரட்டைக் கையெழுத்து, கண்ணாடிச் சட்டம். அந்தக் கண்ணாடிச் சட்டத்துக்கு மட்டும்தான் செலவு. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பேன். ஒன்றைக் குறைத்தது அந்தக் குறிப்பு வராத பிரச்சினைக்காக. ஒலிப்பெட்டிக்கு நட்சத்திரமே இல்லை.

ஒன்று விட்டுப்போனது. வணிகர் செயலி ஒரு செல்போன் எண்ணோடு கட்டப்பட்டிருக்கும். எங்கள் அட்டை எடுக்கும்போது என் சொந்த எண்ணைக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுக்கவில்லை. அறக்கட்டளை பெயரில் ஒரு சிம் வாங்கி, சபை அலுவலகத்தில் பீரோவில் இருக்கும் பழைய போனில் போட்டிருக்கிறோம். பீரோச் சாவி செயலரிடம், போனின் பூட்டு எண் என்னிடம். அடுத்த சபைக்கூட்டத்தோடு என் பொறுப்பு முடிகிறது. வருகிறவருக்கு அந்தப் பூட்டு எண்ணையும் கணக்குப் புத்தகங்களையும் கொடுத்தால் போதும், என் கைப்பேசியில் சபையின் பணம் பற்றிய எதுவும் மிச்சமிருக்காது. ரீசார்ஜ் மட்டும் மறந்துவிடாதீர்கள், சிம் செத்துவிட்டால் திரும்ப வாங்க மறுபடி தீர்மான நகலோடு அலைய வேண்டும்.